இமயத்துப் பறவைகளும் ஹ்யூம் துரையும்

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனி இளைஞர் அறுவர் கல்காவிலிருந்து மலை ரயிலேறிச் சிம்லா சென்று, அதற்கும் அப்பால் நார்க்கண்டாவை அடுத்த ஹாட்டு சிகரத்துக் காடுகளில் மூன்று நாட்கள் அலைந்து பறவைகளைப் படம் பிடித்து வந்தனர். கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 11,000 அடி உயரமுள்ள இடம் அது. விடியற்காலைக் குளிரில் கம்பளி போர்த்து, கனத்த காமிராக்களைத் தோளிற் சுமந்து, ஒரு சிறு குருவியின் வரவுக்காக மணிக்கணக்கில் அசையாது காத்திருந்தார்களாம். அப்படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கக் கூடத்தில் திரையிட்டுக் காட்டினார்கள்.

மயிலையும் நாணச் செய்யும் வண்ணங்களையுடைய மோனால் கோழி திரையில் தோன்றியபோது குழந்தைகள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். இறுதியாக ஒரு படம் வந்தது. சிட்டுக்குருவியினும் சிறியது, பச்சையும் சாம்பலும் கலந்த மங்கிய நிறம், கண்ணுக்குமேல் ஒரு வெளிறிய கோடு, சிறகில் இரண்டு கோடுகள். இவ்வளவு பணம் செலவிட்டு, இவ்வளவு உயரம் ஏறி, இதையா படம் பிடித்து வந்தீர்கள் என்று முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் கேட்கவே, கூடம் முழுவதும் சிரித்தது. அதன் பெயர் ஹ்யூம் கதிர்குருவி என்றும், கோடையில் இமயத்தின் உயர்ந்த காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கி வந்து நம் டில்லித் தோட்டங்களிலும் தங்குவதென்றும் அவ்விளைஞர் பணிவுடன் விளக்கினர். அப்பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஹ்யூம், காங்கிரஸை நிறுவிய ஹ்யூமா என்று வினவினார். அவரேதான் என்று தெரிந்ததும் கூடத்தில் ஒரு மௌனம் நிலவியது. பள்ளியில் வரலாற்றுப் பாடம் படித்த நாமெல்லோரும் அப்பெயரை அறிவோம். ஆனால் அம்மனிதரின் வாழ்வில் பாதியை அறியாதவர்களாகவே இருந்தோம்.

அந்த மறுபாதியை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் விலங்கியல் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. எனினும் ஹ்யூமின் கதையில் ஒரு பகுதி நம்மைப் போன்ற காகித மனிதர்களுக்கு மிகவும் நெருங்கியது. ஆகவே துணிந்து எழுதுகின்றோம்.

எட்டாவது பிள்ளை

ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் 1829-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஆக்டேவியன் என்ற சொல் எட்டு என்னும் எண்ணைக் குறிப்பது; அவர் பெற்றோருக்கு எட்டாவது குழந்தை. தந்தை ஜோசப் ஹ்யூம் ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியாவில் பணியாற்றியவர். பின்னர் பாராளுமன்றத்தில் அமர்ந்து, அரசாங்கம் செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்ட தீவிர சீர்திருத்தவாதி. கணக்குக் கேட்கும் குணமும் அஞ்சாமற் பேசும் குணமும் தந்தையிடமிருந்தே மகனுக்கு வந்தன எனலாம்.

ஹெய்லிபரி கல்லூரியில் பயின்று, லண்டனில் சிறிது காலம் மருத்துவமும் கற்று, 1849-இல் ஹ்யூம் இந்தியாவுக்குக் கப்பலேறினார். யமுனைக் கரையிலுள்ள எட்டாவா ஜில்லாவில் உத்தியோகம் கிடைத்தது. டில்லியிலிருந்து கான்பூர் வழியாக ஹௌரா செல்லும் அன்பர்கள் வழியில் காணும் எட்டாவா ஸ்டேஷனே அவ்வூர். அங்கே அவர் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். 1857-ஆம் ஆண்டுக்குள் 181 பள்ளிகளில் 5,186 மாணாக்கர் பயின்றனர் என்று கணக்கு உள்ளது. சாராய வரியால் கஜானா நிரம்புவதைப் பாவச் செல்வம் என்று மேலிடத்திற்கு எழுதத் தயங்காத அதிகாரியாகவும் அவர் விளங்கினார்.

1857-இல் மூண்ட பெரும் கிளர்ச்சி எட்டாவாவையும் சூழ்ந்தது. ஹ்யூம் ஆக்ரா கோட்டையில் ஆறு மாதங்கள் தங்கியிருக்க நேர்ந்தது. 1858 ஜனவரியில் திரும்பி வந்து, உள்ளூர் வீரர்களைக் கொண்டே ஒரு படை திரட்டி அமைதியை நிலைநாட்டினார். பழி தீர்க்கும் வெறி பிடித்தலைந்த அக்காலத்து அதிகாரிகள் பலரோடு ஒப்பிடுகையில் அவர் கடுமை குறைந்தவராகவே நடந்துகொண்டார். அக்கலகத்தில் அவருக்கு நேர்ந்த தனிப்பட்ட நஷ்டம் ஒன்றுண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பறவைத் தொகுப்பு முழுவதும் அழிந்துபோயிற்று. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அழிந்ததை எண்ணி அமர்ந்துவிடாமல் மீண்டும் தொடங்கும் இக்குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். அவர் வாழ்வில் இது ஒருமுறை நிகழ்ந்ததன்று.

உப்பு வேலியும் பறவைக் குறிப்பும்

1867-இல் ஹ்யூம் சுங்கக் கமிஷனரானார். அந்நாளில் உப்பு வரியைக் காப்பதற்காக வட இந்தியாவின் குறுக்கே சுமார் 2,500 மைல் நீளத்திற்கு ஒரு சுங்க எல்லை இருந்தது. அதன் பெரும்பகுதியில் முள் வேலி வளர்த்திருந்தார்கள். ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்பைத் தடுத்து நிறுத்திய அவ்வேலியைச் செம்மையாக வளர்த்தவர்களுள் ஹ்யூமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னாளில் இந்தியரின் குறைகளை எடுத்துரைத்த அதே மனிதர், முன்னாளில் இந்த வேலியின் காவலர். மனித வாழ்வு இப்படித்தான் பல நிறங்கள் கலந்து கிடக்கிறது.

அவ்வேலியை மேற்பார்வையிட மாதக்கணக்கில் குதிரையேறிச் சென்ற வழியெல்லாம் அவர் பறவைகளைச் சேகரித்தார். தொலைநோக்குக் கண்ணாடியும் காமிராவும் கொண்டு பறவையை அறியும் காலமன்று அது. ஒரு பறவை இன்னதென்று உறுதி கூற வேண்டுமாயின், அதைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்து, பதப்படுத்திப் பஞ்சடைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டி வைப்பதே முறை. இடம், தேதி, ஆணா பெண்ணா என்ற விவரங்கள் அச்சீட்டில் இருக்கவேண்டும். சீட்டில்லாத தோல் வெறும் இறகு மூட்டைதான். இக்கண்டிப்பை ஹ்யூம் எங்கும் தளர்த்தியதில்லை.

1871-இல் மத்திய அரசாங்கத்தில் வருவாய், விவசாயம், வாணிபம் ஆகியவற்றைக் கவனிக்கும் இலாகாவின் செயலாளராகச் சிம்லா வந்து சேர்ந்தார். சிம்லாவில் மிக உயர்ந்த ஜாக்கூ மலைச் சரிவில் ராத்னி காஸில் என்னும் மாளிகையை வாங்கி, பெரும் பொருள் செலவிட்டு விரிவுபடுத்தினார். அதன் ஒரு பகுதி பறவைக் காட்சிசாலையாயிற்று. இந்தியப் பறவைகளைப் பற்றி உலகில் வேறெங்கும் அத்துணைப் பெரிய தொகுப்பு அன்று இருந்ததில்லை. அதைப் பராமரிக்க டேவிசன் என்னும் திறமைசாலியை அமர்த்திக்கொண்டார். அந்த டேவிசன் நம் நீலகிரி மலைகளிலும் சுற்றிப் பறவைகளைச் சேகரித்துக் கட்டுரை வரைந்தவர் என்பது தமிழர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ரயில்வே எஞ்சினீயரின் காணிக்கை

தனி ஒருவரால் இப்பெரிய நாட்டின் பறவைகளையெல்லாம் அறிய இயலாது என்பதை ஹ்யூம் உணர்ந்திருந்தார். ஆகவே 1870-களின் தொடக்கத்தில் உதிர்ந்த இறகுகள் என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தம் கைப்பொருள் கொண்டு தொடங்கினார். காட்டிலாகா அதிகாரிகள், பட்டாளத்து மருத்துவர்கள், தேயிலைத் தோட்டக்காரர்கள், பொதுப்பணி இலாகாவினர் எனப் பலர் மூலைமுடுக்குகளிலிருந்து அவருக்குக் கடிதமும் தோலும் அனுப்பினர். அவர்களுக்கெல்லாம் தோலைப் பதப்படுத்தும் முறையையும் அவர் கற்பித்தார். சுருங்கச் சொன்னால், உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பவர்களின் ஒரு சங்கத்தைத் தபால் மூலமாகவே நடத்தினார்.

அவர்களுள் ஒருவர் டபிள்யூ. இ. புரூக்ஸ். இவர் ரயில்வே எஞ்சினீயர் என்பதைப் படித்தபோது நமக்கு உண்டான பெருமிதத்தை ரயில்வே குடும்பத்தினர் அறிவார்கள். தண்டவாளம் போடும் வேலைக்கிடையே இவர் மிகச்சிறிய கதிர்குருவிகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இக்குருவிகளை நிறத்தின் சிறு சாயலாலும் குரலாலும் பிரித்தறிவது இன்றும் கடினம். அவற்றுள் ஒன்றை வேறானதென்று கண்டு 1878-இல் அதற்கு ஹ்யூமின் பெயரைச் சூட்டினார். பின்வந்தோர் அதை வேறோர் இனத்தின் கிளையாக நெடுங்காலம் எண்ணிவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தனியினம் என்ற கருத்து மீண்டும் நிலைபெற்றது. நம் இளைஞர் திரையிற் காட்டிய குருவி இதுவே. புரூக்ஸ் எட்டாவாவில் 1869-இல் தமக்குப் பிறந்த மகனுக்கும் ஆலன் என்றே பெயரிட்டார். அந்த ஆலன் புரூக்ஸ் பிற்காலத்தில் கனடாவில் புகழ்பெற்ற பறவை ஓவியரானார்.

மலைகளில் அலைந்த நண்பர்கள் எல்லோருக்கும் நற்பேறு வாய்த்ததில்லை. ஹ்யூமோடு 1873-இல் அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்த ஸ்டோலிஸ்கா என்னும் அறிஞர், யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் காரகோரத்தைக் கடந்து திரும்புகையில் 1874-இல் லடாக் மலைப்பகுதியில் உயிர் நீத்தார். உயரத்தின் மெல்லிய காற்று அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. அவர் சமாதி லே நகரில் இருக்கிறது. இன்று ஆக்ஸிஜன் குப்பியும் மோட்டார் வண்டியும் உடன்வர மலையேறும் நாம், அக்காலத்தவர் எதைப் பணயம் வைத்துச் சென்றார்கள் என்பதை நினைக்கவேண்டும்.

மணிப்பூர் மலைகளில்

ஹ்யூம் சென்ற பயணங்கள் பல. சிந்து நதிக்கரை, அந்தமான், 1875-இல் லட்சத்தீவு என்று நிலத்திலும் கடலிலும் அலைந்தார். இறுதியான பறவைப் பயணம் 1881-இல் மணிப்பூருக்கு. இன்றைக்கே எளிதில் சென்றடைய இயலாத அம்மலைக்காடுகள் அன்று எப்படியிருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே உயர்ந்து வளர்ந்த புல்வெளியில் வாழும் ஒரு காடை அவருக்குத் தட்டுப்பட்டது. அதுவரை எந்த நூலிலும் இடம்பெறாதது. புல் ஆளை மறைக்கும் உயரம்; காடையோ பறக்க விரும்பாமல் புல்லுக்குள்ளேயே ஓடி ஒளிவது. எனவே ஒரு நாள் முழுவதும் கூடுதலாகத் தங்கி, ஆட்களைக் கொண்டு பெரும் பரப்பிலிருந்த புல்லை வெட்டச் செய்து, சில காடைகளைப் பெற்றார். மணிப்பூர்க் காடை என்று அதற்குப் பெயர் வைத்தார். அன்று தொட்டு இன்றுவரை அதை நிச்சயமாகக் கண்டவர் மிகச் சிலரே. அதே மலைகளிலிருந்து கிடைத்த நீண்ட வாலுள்ள அழகிய காட்டுக்கோழி ஒன்றுக்குத் தம் மனைவியின் நினைவாகத் திருமதி ஹ்யூமின் பெயரைச் சூட்டினார். செங்குத்தான மலைச்சரிவுக் காடுகளில் வாழும் அப்பறவை இன்று மணிப்பூர், மிஜோரம் ஆகிய இரண்டு மாநிலங்களின் மாநிலப் பறவையாக விளங்குகிறது.

அந்தப் புல்லை வெட்டிய கைகள் யாருடையவை? மலைச்சரிவில் இறங்கிப் பறவையைத் தேடி எடுத்து வந்தவர்கள் யார்? சீட்டில் ஊர் உண்டு, தேதி உண்டு, அதிகாரியின் பெயர் உண்டு. அவர்கள் பெயர்தான் இல்லை. கணக்குப் புத்தகங்களில் கூலி என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போனவர்கள் இல்லாமல் எந்தப் பெரிய காரியமும் நடந்ததில்லை என்பதை இங்கே ஒரு வரியாவது குறித்துச் செல்வது நம் கடமை.

காகிதம் விலைபோன கதை

உத்தியோகத்தில் ஹ்யூமுக்குச் சரிவு வந்தது. அரசாங்கத்தின் நிலவரிக் கொள்கையையும் விவசாயிகளை அது வாட்டுவதையும் வெளிப்படையாகக் குறைகூறியதால், 1879-இல் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் கீழான பதவிக்கு அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டார். 1882-இல் ஓய்வு பெற்றார். தன் கருத்தே சரியென்று சாதிக்கும் பிடிவாதமும் பிறரைச் சுடச்சுட விமர்சிக்கும் நாவும் அவருக்குப் பகைவர்களைத் தேடித் தந்ததும் உண்மை.

ஓய்வு பெற்றவருக்கு ஒரே கனவு இருந்தது. இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய ஒரு மாபெரும் நூலை எழுதி முடிக்கவேண்டும். அதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருந்தார். ஏறத்தாழ 700 வகைப் பறவைகளின் வாழ்க்கை வரலாறுகள் முழுமையாகவோ பெரும்பாலுமோ எழுதப்பட்டு, கட்டுக்கட்டாகக் காட்சிசாலையில் இருந்தன.

1883-ஆம் ஆண்டு வாக்கில் அவர் சிம்லாவில் இல்லாத சமயத்தில், வேலைக்காரன் ஒருவன் காட்சிசாலைக்குள் புகுந்து, பல மணங்கு எடையுள்ள அக்கையெழுத்துப் பிரதிகளை அள்ளிச் சென்று கடைவீதியில் பழைய காகிதமாக விற்றுவிட்டான். அவன் எடுத்ததிலும் ஒரு முறை இருந்தது. கடைக்காரனுக்குப் பொட்டலம் மடிக்கப் பயன்படுவது பெரிய தாள். ஆகவே முழு புல்ஸ்காப் தாள்களில் எழுதப்பட்ட கட்டுரைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு, சிறு துண்டுச் சீட்டுக்களை விட்டுவிட்டான். திருட்டு வெளிப்படுவதற்கே பல மாதங்கள் ஆயின. அதற்குள் 700 பறவைகளின் வரலாறும் சிம்லா கடைவீதியில் மிளகாயும் சர்க்கரையும் மடிக்கப்பட்டு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மீண்டது மிகச் சொற்பம்.

இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே சென்று நின்றோம். காரணம் உண்டு. நம் சங்கம் வாடகை அறையில் இயங்கிய நாளில், அதன் தொடக்க ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பேடுகளும் முதல் ஆண்டு விழாப் படங்களும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அறையைக் காலிசெய்யும் பொறுப்பும் சாவியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அலுவலகத்தில் அன்று விடுப்புக் கிடைக்காமையால், பெட்டியைத் திறந்து பாராமலே, பழைய சாமான்களையெல்லாம் கபாடிக்காரரிடம் போடும்படி ஒரு பையனிடம் கூறிவிட்டோம். மறுநாள் விவரம் அறிந்து கடை கடையாகத் தேடினோம், கிடைக்கவில்லை. சங்கத்தை நிறுவிய பெரியோர் எவரும் நம்மை ஒரு கடுஞ்சொல் கூறினாரில்லை. அதுவே இன்றளவும் நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. இதுகாறும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத இப்பிழையை ஹ்யூமின் கதையைச் சொல்லும் இடத்தில் ஒப்புக்கொள்வது பொருந்துமென்று எண்ணினோம்.

அள்ளிக் கொடுத்த ஆண்டு

ஹ்யூம் மனமுடைந்தார். பேரிழப்போடு இயற்கையும் சேர்ந்துகொண்டது. கனமழையால் உண்டான மண்சரிவு காட்சிசாலையைச் சேதப்படுத்திற்று. அவர் உள்ளத்திலும் ஒரு மாறுதல் ஏற்பட்டிருந்தது. பிரம்மஞான சபையாரோடு சில ஆண்டுகள் கொண்ட தொடர்பால் புலால் உண்பதை விட்டார். பறவைகளைக் கொல்வதையும் விட்டார். ஆயிரமாயிரம் பறவைகளை வீழ்த்தச் செய்த துப்பாக்கி ஓய்ந்தது. பின்னர் அச்சபையினின்றும் விலகினார். ஆயினும் பறவை வேட்டைக்குத் திரும்பவில்லை.

தாம் எழுதக் கருதிய நூலை இனி எழுதப்போவதில்லை என்று முடிவு செய்ததும், தொகுப்பு முழுவதையும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திற்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். 1885-ஆம் ஆண்டு கோடையில் ஷார்ப் என்னும் பறவை நிபுணர் அதற்காகவே லண்டனிலிருந்து சிம்லா வந்தார். பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000 உருப்படிகள். புழுவரித்துக் கெட்டுப்போன 20,000 தோல்களை அதற்கு முன்பே அழித்திருந்தனர். தேவதாரு மரத்தில் அங்கேயே 47 பெட்டிகள் செய்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் அரை டன் எடை. கல்காவுக்கும் சிம்லாவுக்கும் ரயில் அப்போது கிடையாது. அந்தக் குறும்பாதை ரயில் 1903-இல்தான் வந்தது. மாட்டுவண்டிகளில் ஏற்றி, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை வழியே கல்காவுக்கு இறக்கி, பின்னர் பம்பாய் துறைமுகம் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். சரக்குப் பதிவு செய்து பழகிய நமக்கு, சேதமின்றி அத்தனை பெட்டிகளும் போய்ச் சேர்ந்தது வியப்பாகவே இருக்கிறது.

அதே 1885-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி, பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினர். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு அது. அதைக் கூட்ட ஓடியாடி உழைத்தவர் ஹ்யூம். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்து பேசியவர் நம் தமிழ்நாட்டு ஜி. சுப்பிரமணிய ஐயர். ஹ்யூம் என்ன கருதி அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார் என்பது பற்றி வரலாற்றாசிரியர் பலவாறு கூறுவர். அவ்விவாதத்தில் நாம் புகவில்லை. நாம் காண்பது ஒன்றே. 56 வயதில், வாழ்நாள் உழைப்பு கடைவீதியில் கரைந்துபோன பின்னர், எஞ்சியதை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு மனிதர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். எங்கெங்கோ சிதறியிருந்தவர்களைக் கடிதம் எழுதி எழுதி ஒன்றுசேர்க்கும் வித்தையை அவருக்கு முன்னரே கற்பித்தவை பறவைகள்தாம்.

எஞ்சி நின்றவை

திருடன் விட்டுச்சென்ற துண்டுச் சீட்டுக்கள் என்னவாயின என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பர்மாவில் பொதுப்பணி இலாகாவில் பணியாற்றிய ஓட்ஸ் என்னும் அன்பர், ஹ்யூமின் பறவைக் கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டார். எஞ்சிய சீட்டுக்களையும் குறிப்புக்களையும் ஒழுங்குபடுத்திச் சேர்த்து 1889, 1890 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிக்கொணர்ந்தார். பொட்டலம் மடிக்கவும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்ட துண்டுகள் நூலாகி நிலைத்தன.

கொடுத்த தோல்களும் வீணாகவில்லை. ஹ்யூம் 1873-இல் உலகுக்கு அறிவித்த காட்டாந்தை ஒன்று 1884-க்குப் பின் யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. பழைய மியூசியத் தோல்களையும் அவற்றின் சீட்டுக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்து, எது மெய், எது பொய் என்று தெளிந்த ஆராய்ச்சியாளர், 1997-இல் மகாராஷ்டிரத்துச் சாதா என்னுமிடத்தருகே அவ்வாந்தையை உயிரோடு கண்டனர். இடைவெளி 113 ஆண்டுகள்! சீட்டில் எழுதிய ஊரும் தேதியும் ஒரு பறவையை மீட்டுக் கொடுத்தன என்றே சொல்லலாம். மாறாக, 1876-இல் நைனிதால் அருகே கடைசியாகக் கிடைத்த இமயமலைக் காடை இன்றுவரை உறுதியாகக் காணப்படவில்லை. உலக மியூசியங்களில் உள்ள சுமார் பன்னிரண்டு தோல்களே அது வாழ்ந்ததற்குச் சாட்சி. மலைக்காடுகளில் காமிராவோடு அலையும் இளைஞர் பலர் உள்ளத்தில் அந்தக் காடையைக் காணும் ஆசை ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஹ்யூம் 1894-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். மனைவி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சிம்லாவில் காலமாகிவிட்டார். முதுமையில் செடிகொடிகளின்மீது ஆர்வம் திரும்பிற்று. அவற்றையும் சேகரித்து, 1910-இல் தென் லண்டனில் ஒரு தாவரவியல் நிலையத்தை நிறுவினார். எண்பதைத் தாண்டிய பின்னரும் அவர் மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்! 1912 ஜூலை 31-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. செய்தி எட்டியதும் எட்டாவாவில் கடைகளை அடைத்துத் துக்கம் காத்தார்கள். அவர் அவ்வூரை விட்டு நீங்கி நாற்பதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பள்ளிகளில் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடைக் கதவை இழுத்து மூடினார்கள். ராஜ்யம் அளித்த பட்டங்களினும் இது பெரிதென்று நாம் கருதுகின்றோம்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இனி விடை கூறலாம். நம் இளைஞர் பணம் செலவிட்டு மலையேறிப் பிடித்து வந்தது ஒரு மங்கிய குருவியின் படத்தை மாத்திரமன்று. ஹ்யூம் துப்பாக்கியால் செய்ததை, ஓர் உயிருக்கும் ஊறின்றிச் செய்யும் பேறு அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒருவரிடமே வைத்திராமல் பலரிடம் பிரதி கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் பூட்டி வைத்த 700 வரலாறுகள் பொட்டலமாயின. பலர் கைக்கும் சென்றவை நிலைத்தன.

மற்றொரு வேண்டுகோள் காலனியிலுள்ள பழைய குடும்பத்தினருக்கு. நம் சங்கத்தின் முதல் ஆண்டுகளைச் சேர்ந்த படமோ, அழைப்பிதழோ, நாடக நோட்டீஸோ, வரவு செலவுத் துண்டுச் சீட்டோ எவர் பரணிலேனும் இருக்குமாயின், அருள்கூர்ந்து ஒரு நாள் நம்மிடம் தந்து உதவுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை நாமே வீட்டில் கொண்டுவந்து ஒப்படைப்போம். துண்டுதானே என்று ஒதுக்கவேண்டாம். நம் கவனக்குறைவால் இழந்ததில் ஒரு சிறு பகுதியையேனும் மீட்க இவ்வாண்டு முதல் தொடங்கியிருக்கின்றோம்.

மார்கழிக் குளிரில் நம் காலனி வேப்பமரத்தில் இலையோடு இலையாக ஒரு சிறு குருவி தாவித்திரிவதைக் கண்டால், சற்று நின்று பாருங்கள். இமயத்துக் காட்டில் பிறந்து, பிழைக்க இங்கு இறங்கி வந்திருப்பது அது. தெற்கிலிருந்து பிழைக்க வந்த நம்மோடு அதே மரத்தடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அப்பெயரைச் சூட்டியவர் ஒரு ரயில்வே எஞ்சினீயர் என்பதும் நம் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.